ஜாடியின் அடியில் இருந்த நீலம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு முழங்காலில் ஆரம்பித்துச் சர்க்கரையில் போய் நிற்கிறது. யாருக்கு எவ்வளவு சர்க்கரை, யார் காப்பியில் போட்டுக்கொள்வதை விட்டுவிட்டார்கள், யார் மருமகளுக்குத் தெரியாமல் போட்டுக்கொள்கிறார்கள் என்று ஊர் வம்பெல்லாம் வந்துவிடும். போன வாரம் அப்படி ஒரு பேச்சில் உங்களில் ஒருவர், டம்ளரின் அடியில் இருக்கும் கடைசி வாய்தான் இனிப்பு, அதைக் குடிக்காமல் வைத்துவிட்டால் போதும் என்று வைத்தியம் சொன்னார். எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் மட்டும் சண்டைக்குப் போனேன். நன்றாகக் கலக்கிக் குடித்தால் முதல் வாயும் கடைசி வாயும் ஒன்றுதான் என்றேன். கெமிஸ்ட்ரி மாமி வந்துவிட்டாள் என்று சிரித்தீர்கள். சிரித்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் உண்டு. பதின்மூன்று வயதில் இதே தப்பைப் பரீட்சையில் எழுதி இரண்டு மார்க் வாங்கினவள் நான். சரியாக எழுதி அந்த இரண்டு மார்க்கையும் இழந்தவள் என் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் ஆரம்பம். மயிலாப்பூரில் குளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு பழைய பங்களாவில் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடம் நடந்தது. நான் மூன்றாம் பாரம், இன்றைய கணக்கில் எட்டாம் வகுப்பு. வகுப்பில் உயரப்படி உட்கார வைப்பார்கள். நான் தென்னை மரம் மாதிரி வளர்ந்திருந்தேன். என்னைவிட அரை அங்குலம் கூடுதலாக வளர்ந்திருந்தவள் ஒருத்திதான். அதனால் கடைசி பெஞ்சு எங்கள் இருவருக்கும் என்று ஆயிற்று. அவள் கடற்கரைக் குப்பத்திலிருந்து வருகிறவள். அப்பா கட்டுமரத்தில் போகிறவர், அம்மா கருவாடு போடுகிறவர். பள்ளிக்கூடச் சம்பளத்தில் சலுகை வாங்கிப் படித்தாள். முதல் ஒரு வாரம் நான் மூக்கைச் சுளித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். எட்டாம் நாள் எனக்கு வகுத்தல் கணக்கு வராமல் அழுகை வந்தபோது சிலேட்டை இழுத்துப் போட்டுக் காட்டினாள். அதற்கப்புறம் மூக்குக்கு எல்லாம் பழகிப்போயிற்று. இன்று நினைத்தால் அந்த ஒரு வாரத்துக்காக வெட்கமாகத்தான் இருக்கிறது.

பங்களாவின் பழைய வண்டிக் கொட்டகைதான் எங்கள் சயன்ஸ் ரூம். குதிரை கட்டின வளையம் சுவரில் அப்படியே இருந்தது. ஒரு கண்ணாடி அலமாரி, அதற்குள் பூட்டி வைத்த தராசு, ஆறேழு கண்ணாடிக் குவளைகள், நடுவில் நீள மேஜை, அதைச் சுற்றிப் பன்னிரண்டு ஸ்டூல்கள். நாலாம் பாரத்துக்குப் போகும்போது சயன்ஸ் பிரிவா, சரித்திரப் பிரிவா என்று பிரிப்பார்கள். சயன்ஸ் பிரிவுக்குப் பன்னிரண்டு பேர்தான். ஸ்டூல் அவ்வளவுதான் இருக்கிறது என்பது ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாளின் தீர்ப்பு. மாசியில் நடக்கும் சயன்ஸ் பரீட்சையில் முதல் பன்னிரண்டு இடம் வருகிறவர்களுக்கு ஸ்டூல், மற்றவர்களுக்குச் சரித்திரம்.

எனக்கு அந்த ஸ்டூல் ஓர் ஆசை, அவ்வளவுதான். கிடைக்காவிட்டால் அம்மா கோவிலில் தேங்காய் உடைத்திருப்பாள். பெண் சயன்ஸ் படித்தால் ஜாதகத்தைக் கையில் வாங்கக்கூட யாரும் வரமாட்டார்கள் என்பது அவளுடைய பயம். என் தோழிக்கு அப்படி இல்லை. கடலோரத்துத் தர்ம ஆஸ்பத்திரியில் பெண் கம்பவுண்டர்களைப் பழக்கப்போவதாகவும், பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் எடுத்துப் பாஸ் பண்ணினவர்களைத்தான் எடுப்பார்கள் என்றும் குப்பத்தில் சொல்லியிருந்தார்கள். அவள் அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டிருந்தார். சயன்ஸ் கிடைத்தால் படி, இல்லாவிட்டால் சித்திரையிலிருந்து அம்மாவோடு கூடை எடு. கூடை ஏற்கெனவே பின்னி வாங்கி வீட்டு மூலையில் கவிழ்த்து வைத்தாகிவிட்டது என்று அவள் என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

எங்கள் சயன்ஸ் டீச்சர் படித்தது சரித்திரம். சயன்ஸுக்கு வேறு யாரும் அகப்படாததால் அவர் தலையில் கட்டிவிட்டிருந்தார்கள். மாம்பலத்துப் பக்கம் ஏரியைத் தூர்த்து மனை போட்டு, தியாகராய நகர் என்று புதுப்பெயர் வைத்திருந்த இடத்திலிருந்து வருவார். மழைக்காலத்தில் அவர் புடவைக் கரையில் ஒரு சாண் அகலத்துக்குச் செம்மண் இருக்கும். முன்னால் இருந்த யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன நோட்டு ஒன்று அவரிடம் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பிரித்து இங்கிலீஷில் வாசிப்பார். நாங்கள் எழுதிக்கொண்டு மனப்பாடம் செய்வோம். கரைசல் என்றால் என்ன என்பதற்கு இரண்டு வரி. அதில் ‘ஹோமோஜீனியஸ்’ என்று ஒரு சொல் வரும். வகுப்பில் அதைத் தடுக்காமல் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எங்கே எடுத்தாலும் ஒரே மாதிரி என்று அதற்கு அர்த்தம். அது எனக்குத் தெரியாது. டீச்சருக்கும் அது நாக்கில் இருந்ததே தவிர மனசில் இறங்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

தை மாதத்தில் ஒரு நாள் டீச்சர் ஒரு குவளைத் தண்ணீரில் கைப்பிடி உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு, உப்பு எங்கே போயிற்று என்று கேட்டார். மறைந்துவிட்டது என்றாள் ஒருத்தி. தண்ணீராகவே ஆகிவிட்டது என்றாள் இன்னொருத்தி. வெண்ணெய் மாதிரி உருகிவிட்டது என்றேன் நான். அப்படியானால் தண்ணீரின் எடை கூடியிருக்குமா என்று அடுத்த கேள்வி. கூடாது என்று வகுப்பே பாடிற்று. இல்லாத உப்புக்கு ஏது எடை? என் தோழி மட்டும் கூடும் என்றாள். டீச்சர் நோட்டைப் புரட்டினார். அதில் அந்த இடம் இல்லை போலிருக்கிறது. மணி அடித்துவிட்டது என்று எழுந்து போய்விட்டார்.

மத்தியானம் புங்கமரத்தடியில் சாப்பிடும்போது நான் அவளை விடவில்லை. கண்ணுக்குத் தெரியாத உப்புக்கு எப்படியடி எடை இருக்கும் என்று கேட்டேன். அவள் தன் அத்தை கதையைச் சொன்னாள்.

“எங்க அத்த கல்யாணம் ஆயி வந்த புதுசுல தண்ணிக் கொடம் ஒண்ணு, உப்புக் கூட ஒண்ணு, ரெண்டையும் கொட்டாய்க்குக் கொண்டாரணும். ரெண்டு நடை இன்னாத்துக்கு நடக்கணும்னு உப்ப எட்த்துக் கொடத்துல கொட்டிக் கரைச்சிடுச்சி. உப்புதான் காணாம பூட்டுதே, கனமும் பூடும்னு நெனச்சிக்கிச்சி. தூக்கித் தலையில வச்சா கழுத்து நெளியிது. குப்பமே சிரிச்சிது.” சொல்லிவிட்டுச் சோற்றுக் கையால் தன் உச்சந்தலையைக் காட்டினாள். “கண்ணுக்குத் தெரியலன்னா இன்னாடீ? தலைக்குத் தெரியாதா?”

எங்கள் வீட்டில் குடம் தூக்கினவர்கள் எல்லாரும் வேலைக்காரர்கள். என் தலைக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவள் சொன்னது மண்டையில் ஏறிவிட்டது.

அடுத்த வாரம் டீச்சர் ஓர் அழகான காரியம் செய்தார். ஒரு முழ உயரக் கண்ணாடி ஜாடி நிறையத் தண்ணீர் ஊற்றி, அதன் அடியில் மயில்துத்தக் கட்டிகள் நாலைந்தை மெதுவாக இறக்கினார். வயலுக்கும் வைத்தியத்துக்கும் வாங்குகிற அதே நீலக் கட்டிதான். விஷம், யாரும் விரலை நக்கக்கூடாது என்று மிரட்டி வைத்தார். இரண்டு நாளில் கட்டி கரைந்து போயிற்று. ஆனால் நீலம் முழுவதும் அடியிலேயே நின்றது. அடியில் மயில் கழுத்து, நடுவில் விடியற்கால ஆகாயம், மேலே நிறமே இல்லாத வெறும் தண்ணீர். நாங்கள் மாற்றி மாற்றிப் போய் அதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். பங்குனியில் இன்ஸ்பெக்டரஸ் அம்மாள் பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வருகிறபோது காட்டுவதற்காக அந்த ஜாடியை யாரும் தொடாமல் ஜன்னல் ஓரம் வைத்திருந்தார் டீச்சர். பார்த்தீர்களா, கரைந்தது எப்போதும் அடியில்தான் அதிகம் தங்கும் என்று சொல்லிக்கொடுத்தார். கண் முன்னால் இருக்கிறதே, யார் இல்லை என்பார்கள்?

மயிலாப்பூர்ப் பெண்களுக்கு அதற்கு ஜாடியும் வேண்டியதில்லை. பங்குனி உற்சவத்தில் மாடவீதி முழுக்கப் பந்தல் போட்டுப் பானகம் கொடுப்பார்கள். அண்டாவின் அடியிலிருந்து மொண்டு விடச் சொல்லிப் பெரிய மனிதர்கள்கூடச் சண்டை பிடிப்பார்கள். அடிப் பானகம்தான் தித்திப்பு என்று நாங்கள் தாய்ப்பாலோடு குடித்தவர்கள்.

மாசிப் பரீட்சையில் அதே கேள்வி வந்தது. கரைசலில் கரைந்த பொருள் எங்கே அதிகம்? அடியில் என்று படம் போட்டு எழுதினேன். என் தோழி, கலக்கிவிட்ட பின் எங்கும் ஒன்றுதான் என்று எழுதினாள். அவளுக்குப் பெரிய சுழி. மார்க் பட்டியல் ஒட்டினபோது நான் பன்னிரண்டாவது, அவள் பதின்மூன்றாவது.

அவள் அழவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு நேரே டீச்சரிடம் போனாள். நானும் பின்னால் போனேன்.

“டீச்சர், எங்கூட்ல மீனு ஊறப்போடற தொட்டி கீது. உப்பக் கொட்டிட்டுக் கலக்காம வுட்டா அடியிலதான் கரிக்கும். மேல கெடக்கற மீனு நாறிப்பூடும். அத்தொட்டுத்தான் எங்கம்மா துடுப்பு போட்டுக் கலக்கும். ஒருவாட்டி கலந்துட்டா மாசம் ஆனாலும் மேலயும் கீழயும் ஒரே கரிப்புதான். இந்த ஜாடிய நீங்க கலக்கவே இல்லியே.”

டீச்சர் முகம் சிவந்தது. கருவாட்டுத் தொட்டி வேறு, ரசாயனம் வேறு என்றார். கலக்கிப் பார்த்துவிடலாமே என்று அவள் கேட்டதற்கு, இன்ஸ்பெக்ஷன் முடிகிற வரைக்கும் ஜாடி மேல் ஒரு விரல் பட்டாலும் பள்ளிக்கூடத்தில் இருக்க முடியாது என்றார். அப்போது எனக்கு டீச்சர் ராட்சசி மாதிரி தெரிந்தார். இப்போது கணக்குப் போட்டால் அவருக்கு இருபத்து நாலு வயது இருந்தால் அதிகம். தெரியாத பாடத்தை நாற்பது பெண்களுக்கு முன்னால் தினம் தினம் சொல்ல வேண்டும். எங்களைவிட அவர்தான் பயந்து போயிருந்தார்.

பங்குனி உற்சவத்தில் அறுபத்துமூவர் புறப்பாடு அன்று வடக்கு மாடவீதியில் என் சித்தப்பாவின் பானகப் பந்தல். வெல்லம் தட்டுவதும் சுக்கு இடிப்பதும் எங்கள் வீட்டுப் பெண்கள் வேலை. கலக்குவதற்கு ஆள் உயரத்தில் ஒரு மரத் துடுப்பு. அன்று அதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கை நோக, வெல்லம் முழுவதும் கரைகிற வரைக்கும் கலக்கினேன். அப்புறம் அதை வெள்ளைத் துணியில் வடிகட்டி ஊற்றின இன்னோர் அண்டாவிலிருந்து மேலே ஒரு கரண்டி, நீளக் கரண்டியை விட்டு அடியிலிருந்து ஒரு கரண்டி, இரண்டையும் உள்ளங்கையில் விட்டுக் குடித்துப் பார்த்தேன். எத்தனை முறை குடித்தாலும் இரண்டும் ஒரே தித்திப்பு. வேறு யாரோ அரைகுறையாகக் கலக்கி வடிகட்டாமல் விட்ட அண்டாவின் அடியில் சுக்குப் பொடியும் கரையாத வெல்ல நறுக்கும் மண்ணும் கிடந்தன. நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டு வாங்கிக் குடித்தது அந்த மண்ணைத்தான்.

அவளும் அன்று தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு உற்சவம் பார்க்க வந்திருந்தாள். பந்தலில் எல்லோருக்கும் குவிந்த கையில்தான் ஊற்றுவார்கள். அவளுக்கு மட்டும் சித்தப்பா சொம்பை இன்னும் ஒரு முழம் மேலே தூக்கி ஊற்றினார். பாதிக்கு மேல் முழங்கை வழியாக ஓடிற்று. நான் சித்தப்பாவிடமிருந்து சொம்பைப் பிடுங்கித் தாழ்த்தி ஊற்றினேன். அதற்கு மேல் அன்று எனக்குத் தைரியம் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை தையல் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு சயன்ஸ் ரூமுக்குள் நுழைந்தேன். கண்ணாடிக் குச்சி அலமாரிக்குள் பூட்டியிருந்தது. என்னிடம் இருந்தது ஸ்வெட்டர் பின்னுகிற நீள இரும்பு ஊசிதான். அதை ஜாடிக்குள் விட்டுக் கலக்கு கலக்கு என்று கலக்கினேன். மயில் கழுத்தும் ஆகாயமும் போய் ஜாடி முழுவதும் ஒரே நீலமாயிற்று. வெளியே எடுத்துப் பார்த்தால் ஊசி செம்பு நிறத்தில் இருக்கிறது. புடவைத் தலைப்பில் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. இரும்பை மயில்துத்தத்தில் வைத்தால் அப்படித்தான் செம்பு ஏறும் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று, செய்த பாவத்துக்குக் கபாலீசுவரர் போட்ட முத்திரை என்றே நம்பினேன்.

திங்கட்கிழமை காலையில் டீச்சர் ஜாடியைப் பார்த்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யார் கலக்கினது என்று கேட்டார். நாற்பது தலைகளும் கடைசி பெஞ்சுக்குத் திரும்பின. என் பக்கம் யாரும் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்கள். கலக்கிப் பார்க்கலாம் என்று கேட்டவள் அவள்தானே. நான் கலக்கவில்லை என்றாள். டீச்சர் நம்பவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் சம்பளச் சலுகையை நிறுத்திவிடுவதாகச் சொல்லி, வியாழக்கிழமை அவள் அம்மாவை அழைத்து வரச் சொன்னார்.

நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. அந்த மூன்று நாளும் நான் சாப்பிட்டது மண்ணாக இருந்தது. புதன்கிழமை தையல் வகுப்பில் அவள் என் ஊசியைப் பார்த்தாள். செம்பு நிறத்தை விரலால் ஒரு முறை தடவினாள். என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஊசியை என் நூல் உருண்டைக்குள் குத்தி மறைத்து வைத்துவிட்டு, தன் தையலைத் தைக்க ஆரம்பித்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வியாழக்கிழமை அவள் அம்மா வந்தார். கூடையை வாசல் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, காலைத் தட்டிக்கொண்டு, சயன்ஸ் ரூம் வாசற்படியிலேயே நின்றார். டீச்சர் நடந்ததைச் சொன்னார். அந்த அம்மாள் மகளைப் பார்த்து, நீயா கலக்கினாய் என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

“அவ பொய் சொல்ல மாட்டா டீச்சரம்மா” என்றார் அம்மாள். “சலுக குடுக்கலன்னா போவுது. ஆனா செய்யாதத செஞ்சான்னு எழுதிடாதீங்க.”

நான் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே போய் ஊசியை மேஜை மேல் வைத்தேன்.

“நான்தான் டீச்சர் கலக்கினேன். பானகத்துலயும் பார்த்துட்டேன். வடிகட்டினா மேலயும் கீழயும் ஒரே தித்திப்புத்தான் இருக்கு. அவ எழுதினதுதான் சரி. நான் எழுதினது தப்பு.”

சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். டீச்சர் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவள் அம்மா வாசற்படியிலிருந்து உள்ளே ஓரடி வைத்து ஜாடியைக் குனிந்து பார்த்தார். தொழில்காரர் அடுத்தவர் சரக்கைப் பார்க்கிற பார்வை அது.

“எப்பம்மா கலக்கின?”

வெள்ளிக்கிழமை என்றேன்.

“இன்னிக்கு வியாழன். ஆறு நாளாச்சி. எறங்கலியே.” அம்மாள் டீச்சரிடம் மிகச் சாதாரணமாகச் சொன்னார். “இனிமே எறங்காது டீச்சரம்மா. கலந்தது கலந்ததுதான். கலக்காம வச்சிருந்தீங்க, அதான் அடியில குந்திக்கினு இருந்திச்சி.”

டீச்சர் ஜாடியின் பக்கம் போய் நின்றார். முதலில் மேலே பார்த்தார், அப்புறம் குனிந்து அடியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்குக் கிடைக்கப்போகிற பிரம்படியை நினைத்துக்கொண்டு நான் கையை நீட்டியே வைத்திருந்தேன். அவர் கடைசியில் சொன்னது, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்பதுதான். எங்கள் கண் முன்னால் ஜாடியைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பின்னர் அந்த அம்மாளைப் பார்த்துத் தொட்டியில் எத்தனை நாள் வரைக்கும் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று டீச்சர் ஒரு கேள்வி கேட்டதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மாள் மீன் வியாபாரத்தை மறந்து அரைமணி நேரம் நின்று பதில் சொன்னார்.

அந்த ஒரு வாரமும் நானும் அவளும் காலையில் மணி அடிப்பதற்கு முன்னால் அலமாரிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்போம். எனக்குப் பயம். ராத்திரியோடு ராத்திரியாக நீலம் இறங்கிவிட்டால் அவள் கதி என்ன? அவளுக்குப் பயமே இல்லை. “எறங்காதுடீ, சும்மா வா” என்று பின்னலைப் பிடித்து இழுப்பாள். மறுவியாழன் வந்தது. ஜாடி மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே நீலமாக இருந்தது.

டீச்சர் அன்று வகுப்பில் எல்லோருடைய விடைத்தாளையும் திரும்ப வாங்கினார். நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்றார். டீச்சர்கள் அப்படிச் சொல்லலாம் என்றே எங்களுக்குத் தெரியாது. முன் பெஞ்சில் ஒருத்தி பயத்தில் அழுதே விட்டாள். அந்தக் கேள்வியை அவர் மறுபடியும் திருத்தினார். எழுதினவர்களில் சரியாக எழுதியிருந்தவள் ஒருத்திதான். புதுப் பட்டியலில் அவள் பன்னிரண்டாவது. நான் பதின்மூன்றாவது.

இன்ஸ்பெக்டரஸ் அம்மாள் வந்தார், ஜாடியைப் பார்த்தார், அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தையல் வகுப்பைப் பார்க்கப் போய்விட்டார். இரண்டு மாதமாக எல்லோரும் நடுங்கினது அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்.

ஜாடியைத் தொட்டதற்காக ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் எனக்கு அபராதமாக ஐம்பது வரி எழுதச் சொன்னார். அதோடு விட்டார். என் அம்மாவுக்கு நான் சரித்திரம் என்று தெரிந்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “எல்லாம் நல்லதுக்குத்தாண்டி. ஆத்துல ஒத்தாசையா இருந்துண்டு படி” என்றாள். கோடை விடுமுறை முழுவதும் நான் அம்மாவிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து நிறைய அழுதேன். என் தோழிக்கு ஸ்டூல் கிடைத்தது எனக்கு நிஜமான சந்தோஷம். எனக்குக் கிடைக்கவில்லையே என்பது நிஜமான துக்கம். இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தன. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. நான் சரித்திர வகுப்பில் போய் உட்கார்ந்திருந்தேன். சயன்ஸ் பிரிவிலிருந்து என் தோழி மூச்சிரைக்க ஓடி வந்து, டீச்சர் கூப்பிடுகிறார் என்றாள். போனேன். மேஜையைச் சுற்றிப் பன்னிரண்டு ஸ்டூலிலும் பன்னிரண்டு பேர். மேஜையின் மூலையில், அவள் ஸ்டூலுக்குப் பக்கத்தில், கைவைத்த மர நாற்காலி ஒன்று இழுத்துப் போட்டிருந்தது. டீச்சருடைய நாற்காலி.

“ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட கேட்டுட்டேன்” என்றார் டீச்சர். “ஸ்டூல் இல்லைங்கறதுதான் அவங்க சொன்ன காரணம். நாற்காலி இருக்கு. உட்காரு.”

நான் தயங்கினேன். நீங்கள் எங்கே உட்காருவீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். என் தோழிதான் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். ஸ்டூலில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்த வருஷம் முழுக்க எனக்கு டீச்சர் என்றே பட்டப்பெயர். அம்மாவுக்குச் சமாதானம் சொல்லச் சித்தப்பாவையே பிடிக்க வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

என் தோழி பள்ளிக்கூடம் முடித்தாள், ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே மருந்து கலந்து கொடுத்தாள். உங்களில் எத்தனை பேருடைய குழந்தைகளுக்கு இருமலுக்கு அவள் கையால் பாட்டில் வந்திருக்கிறதோ எனக்குத் தெரியாது. பாட்டில் மேல் ‘கலக்கிக் குடிக்கவும்’ என்று ஒட்டியிருந்தால், அவள் வாயாலும் ஒரு தடவை சொல்லாமல் அனுப்பமாட்டாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

டீச்சர் அந்த வருஷம் நின்றுகொண்டே பாடம் நடத்தினார். நோட்டை வைக்க மடி இல்லாததால் நோட்டையும் விட்டுவிட்டார். ஒன்றைக் கேட்பார், எங்களைச் செய்து பார்க்கச் சொல்வார், மேஜையைச் சுற்றிச் சுற்றி நடப்பார். தெரியாததைத் தெரியாது என்பார். மார்கழியில் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் எப்படியோ ஒரு புது ஸ்டூலை வரவழைத்து அனுப்பினார். நான் எழுந்து நாற்காலியை அதன் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். டீச்சர் தடுத்துவிட்டார்.

“வேண்டாம்மா, நீயே வச்சுக்கோ. உட்கார்ந்தா எனக்கு மறுபடியும் நோட்டைப் பார்த்து வாசிக்கத் தோணும்.”